எந்த மரக்காலால் அளந்தீர்?

கோயில் பாதி, குளம் பாதி! மன்னார்குடியைப் பற்றி ஊரார் பெருமிதத்தோடு சொல்லும் சொல் இது. காரணம் இல்லாமல் சொல்லவில்லை. இராசகோபாலசாமி கோயில் ஏறத்தாழ 23 ஏக்கர். அருகே அரித்திராநதி என்னும் குளம், அதுவும் ஏறத்தாழ 23 ஏக்கர். குளத்துக்கு நதி என்று பெயர் வைத்தனர் என்றால், அதன் அகலத்தையும் நீளத்தையும் கண்டு எவ்வளவு மலைத்திருப்பார்கள்! திருவாரூருக்குத் தேர் அழகு, மன்னார்குடிக்கு மதில் அழகு என்ற சொல்லும் உண்டு. தேர் பெரிது, மதில் பெரிது, கோயில் பெரிது, குளம் பெரிது. பெரிதினும் பெரிதாகவே நம் வட்டாரம் தன்னைப் பாடிக்கொண்டு வந்திருக்கிறது.

பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால், கூட்டல் கணக்குக் கற்ற சிறுவன் ஒருவன் எழுந்து நின்று கேட்கட்டும்: "ஐயா, பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுமை. கோயில் ஒரு பாதி, குளம் ஒரு பாதி என்றால், மதில் எழுப்பியவன் எங்கே குடியிருந்தான்? குளம் வெட்டியவனுக்கு எந்தப் பாதியில் இடம்? பாமணியாற்றங்கரையில் நாற்று நட்டவள் எந்தக் கணக்கில் வருகிறாள்?" விடை கூற முடியாது. ஊரின் அளவைச் சொன்ன வாய், ஊராரை அளவிலேயே சேர்க்கவில்லை!

விளையாட்டாகத் தொடங்கினோம், ஆயினும் இந்தக் கட்டுரை விளையாட்டன்று. பெரிது, சிறிது என்ற இரண்டு சொற்கள் மொழிக்குள் புகுந்து மரபுத்தொடராகவும் பழமொழியாகவும் உருமாறி, எத்தனை மனிதரை ஏற்றி வைத்திருக்கின்றன, எத்தனை மனிதரை இறக்கி வைத்திருக்கின்றன என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

இதற்குத் தூண்டுகோல், கடைகளில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் ஆங்கில மரபுத்தொடர் நூல்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் வேலைக்கு மனுப்போடும் இளைஞனும் விரும்பி வாங்கும் நூல்கள். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர். வலப்பக்கம் தமிழ்த் தொடர். இடையே இரட்டைக் கோடு, சமம் என்ற குறி. ஒரே மூச்சில் ஐந்நூறு தொடர்களை மனப்பாடம் செய்துவிடலாம் என்ற துணிவை அவை தருகின்றன. அவற்றால் விளைந்த நன்மையையும் மறைக்க மாட்டோம். அக்கிரகாரத்துத் திண்ணையில் மட்டும் வளைய வந்த ஆங்கிலத்தை உழவன் மகனின் கைக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் அந்த மலிவுப் பதிப்புகளுக்கும் பங்குண்டு. ஆங்கிலம் கற்க வேண்டாம் என்பதன்று நம் கட்சி. நாம் குறை காண்பது அந்த இரட்டைக் கோட்டை! அளவைப் பற்றிய தொடர்களில் அந்தக் கோடு செய்யும் தவறு இரண்டு. ஒன்று பொருளில் தவறு. மற்றொன்று நீதியில் தவறு.

முதலில் பொருள்.

ஆங்கிலத்தில் "ஸ்மால்பாக்ஸ்" என்றொரு நோய். சொல்லுக்குச் சொல் வைத்தால் "சின்ன அம்மை". ஆனால் தமிழில் அந்த நோய்க்குப் பெயர் பெரியம்மை! சின்னம்மை என்பது வேறு நோய். கடலுக்கு அப்பால் சின்னதாக இருந்த நோய், இங்கே கரையேறியதும் பெரிதாகிவிட்டதா? இல்லை. ஐரோப்பியர் மேகநோயைப் "பெரிய பாக்ஸ்" என்று குறித்தனர். அதற்கு எதிரே வைத்துப் பார்த்து இதனைச் சின்னது என்றனர். நாம் நீர்க்கொப்புளத்தோடு போய்விடும் சின்னம்மைக்கு எதிரே வைத்துப் பார்த்து இதனைப் பெரிது என்றோம். நோய் ஒன்றே, உயிர் குடித்ததும் ஒன்றே, ஒப்பிட்ட பொருள்தான் வேறு. வேப்பிலை கட்டி "தாய் இறங்கியிருக்கிறாள்" என்று கைகூப்பி நின்ற வீடுகளில் அவள் சின்னவளா பெரியவளா என்ற ஆராய்ச்சியே எழவில்லை. 1796-இல் எட்வர்டு சென்னர் கண்ட அம்மைப்பால்தான் அதற்கு விடை எழுதிற்று. 1975-இல் இந்தியாவிலிருந்து விரட்டப்பட்டு, 1980-இல் உலகிலேயே ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரிய அம்மையை வென்றது பெரிய பூசையன்று, சிறிய ஊசி!

இந்த எடுத்துக்காட்டிலேயே நம் கட்டுரையின் கரு அடங்கியிருக்கிறது. பெரிது என்பதும் சிறிது என்பதும் பொருளின் குணமன்று, ஒப்பீட்டின் விளைவு. எதற்கு எதிரே எதை வைத்தாய் என்று கேட்காமல் அந்தச் சொற்களை ஏற்கலாகாது.

மற்றொன்று பாருங்கள். சின்னஞ்சிறு செய்தியை ஊதிப் பெரிதாக்குவதை ஆங்கிலேயர், துன்னெலி தோண்டித் தள்ளிய மண்மேட்டை மலையாக்குவதாகச் சொல்வர். பிரெஞ்சுக்காரரும் செருமானியரும் ஈயையும் கொசுவையும் யானையாக்குவார்கள். தமிழன் என்ன சொன்னான்? "பேனைப் பெருமாளாக்குதல்" என்றான்! மன்னார்குடி போன்ற ஊரில், பெருமாள் எவ்வளவு பெரியவர் என்று மதிலைப் பார்த்தே அளந்தறிந்த மக்களின் வாயில் வழங்கும் தொடர் இது. எந்தப் பகுத்தறிவு மன்றமும் தீர்மானம் நிறைவேற்றி இதை உண்டாக்கவில்லை. தலையில் ஊர்வது எப்படித் தலைக்கு மேலே ஏறி அமர்கிறது என்பதைக் கண்ட எளிய மக்களின் குறும்பு இது. இரட்டைக் கோடு போட்ட நூல், துன்னெலி மேட்டுக்கு எதிரே பேனையும் பெருமாளையும் வைத்துவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விடுகிறது. அங்கே வயல்வெளியில் பிறந்த உவமை, இங்கே தலையிலும் கருவறையிலும் பிறந்திருக்கிறதே, ஏன் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

எழுதாததன் விளைவு, அண்மைக் காலத்து ஏடுகளிலும் மேடைகளிலும் தெரிகிறது. "அறைக்குள் இருக்கும் யானையைப் பற்றி யாரும் பேசவில்லை" என்கிறார் ஒரு பேச்சாளர். மன்னார்குடிக்காரனுக்கு யானை என்றால் செங்கமலம் நினைவுக்கு வரும். தலைமுடியைச் சீவி வெட்டிவிட்ட அழகால் நாடெங்கும் பெயர் பெற்ற கோயில் யானை. அது ஏன் அறைக்குள் போயிற்று என்று அவன் திகைக்கிறான். எல்லோருக்கும் தெரிந்த பெரிய உண்மையை எல்லோரும் கூடிப் பேசாமல் விடுவது என்பது அந்த ஆங்கிலத் தொடரின் பொருள். "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது" என்று அதற்கு நேர் வைப்பர். அதுவும் சரியன்று. பூசணிக்காயை மறைப்பவன் ஒருவன், அவன் பொய்யன். யானையைக் காணாதது போல் இருப்பவர் பலர், அவர்கள் கோழைகள். பொய்க்கும் கோழைத்தனத்துக்கும் இடையே இரட்டைக் கோடு போடலாமா?

ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு. "பிக்விக்" என்றால் பெரும்புள்ளி என்று நூல் சொல்லும். "விக்" என்பது பொய்முடி என்பதைச் சொல்லாது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பிரபுக்களும் நீதிபதிகளும் பொய்முடி தரித்தனர். பதவி எவ்வளவு பெரிதோ, முடியும் அவ்வளவு பெரிது. தலை பெரிதாக இருந்ததால் அன்று. தலையில் கவிழ்த்தது பெரிதாக இருந்ததால் பெரிய மனிதர்! அதைக் கண்டு சிரித்த பொதுமக்கள் சூட்டிய பெயர் அது. கேலியாகப் பிறந்த சொல்லை நம் நூல்கள் வணக்கத்தோடு மொழிபெயர்த்து வைத்திருக்கின்றன. "ஸ்மால் பிரை" என்றால் மீன்குஞ்சு. கணக்கில் வராத ஆள் என்பது வழக்குப் பொருள். "சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி" என்ற நம் தொடரையும் அருகே வைத்துப் பாருங்கள். தூண்டிலின் எந்த முனையில் தான் இருக்கிறோம் என்பதைச் சின்ன மீனிடம் எந்த மொழியும் கேட்கவில்லை!

இனி, நீதியில் உள்ள தவறு. இதுதான் நம் நெஞ்சை உறுத்துவது.

ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு: காலணி கொள்ளாத அளவுக்குப் பருத்துவிட்டான் என்பது அதன் நேர்ப்பொருள். தன் நிலைக்கு மீறிச் செருக்குற்றவனைச் சுட்டுவது. அதற்கு நேராக நம் நூல்கள் வைக்கும் பழமொழி யாது? "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்." சமம் என்ற குறி இங்கே மிகப் பொருத்தமாக விழுந்திருக்கிறது என்று ஆசிரியர் மகிழ்ந்திருப்பார். பொருத்தந்தான்! ஆனால் எதில் பொருத்தம்?

அங்கே காலணி, இங்கே குடை. இரண்டும் வெயிலிலும் மழையிலும் மனித உடம்பைக் காப்பவை. இந்த நாட்டில் அந்த இரண்டும் எவருக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பதை அறியாதவர் உண்டா? மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, கையில் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். குடையை விரிக்கக் கூடாது, மடக்கி அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளைக்கு ஆளானவர் யார்? பகலில் குடை விரித்தால் உதை விழும். அத்தகையவன் கையில் நாலு காசு சேர்ந்து ஒரு குடையும் வாங்கிவிட்டால், அதை எப்போதுதான் பிடிப்பான்? ஊர் உறங்கிய பிறகு, நள்ளிரவில் பிடித்துப் பார்த்திருப்பான்! அவன் ஆசையைக் கண்டு அழ வேண்டியவர்கள், அவனை அற்பன் என்று நகைத்து அதற்கொரு பழமொழியும் கட்டிவிட்டார்கள்.

"இல்லை, இல்லை, அது மருவிய சொல். அர்ப்பணித்து வாழ்ந்தவன் அர்த்த ராத்திரியிலும் கொடை கொடுப்பான் என்பதே மூலம்" என்று விளக்கம் கூறுவாரும் உளர். அவ்வாறே வைத்துக்கொள்வோம். திண்ணையில் இருப்பவர் அதை எந்தப் பொருளில் எறிகிறார்? புதிதாகச் சட்டை தைத்துப் போட்ட கூலிக்காரன் மகனைப் பார்த்துக் கொடையாளி என்றா வாழ்த்துகிறார்? கல்லுக்கு மூலம் மலையாக இருக்கலாம். மண்டையில் பட்டவனுக்கு அது கல்தான்.

"விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்" என்பது மற்றொரு அறிவுரை. சிக்கனத்துக்குச் சொன்னால் நல்லதே. ஆனால் உழவன் மகன் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றபோதும் இதையேதான் சொன்னார்கள். விரல் இவ்வளவுதான் என்று அளந்தது யார்? "வாலை ஒட்ட நறுக்க வேண்டும்" என்பது இன்னொன்று. இதற்கும் ஆங்கிலத்தில் இணை உண்டு, அளவுக்கு வெட்டிக் குறைத்தல் என்று. வால் முளைத்ததாக எவரைச் சொன்னார்கள்? கூலி உயர்வு கேட்டவனை! "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பது சிறியவரைப் புகழும் பழமொழி என்கிறார்கள். புகழ்ச்சியின் இலட்சணத்தைப் பாருங்கள். துரும்புக்குப் பெருமை எப்போது வருகிறது? விருந்துண்ட ஒருவர் பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்க உதவும்போது! குத்திய பிறகு அந்தத் துரும்பு எங்கே எறியப்படுகிறது என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

காவிரிப் படுகையில் இந்தச் சொற்கள் வெறும் ஏட்டுச் சொற்களாக இருந்ததில்லை. "பெரிய பண்ணை" என்றால் பல வேலி நிலம். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். அந்த வீட்டுச் சிறுவன், பால் பல் விழாதவன், "சின்ன ஆண்டை". அவன் எதிரே மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற பண்ணையாள், தலை நரைத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர், "பயல்". வயதில் பெரியவர் சொல்லில் சிறியவரானார். வயதில் சிறியவன் சொல்லில் பெரியவனானான். "வாடா" என்று சிறுவன் அழைக்க, "ஆண்டே" என்று முதியவர் ஓடினார். இலக்கணத்தில் ஒருமை பன்மை மயக்கம் என்பார்கள். இங்கே நடந்தது மயக்கமன்று, மிதிப்பு!

பெண்ணுக்கும் இந்த அளவுச் சொற்கள் கருணை காட்டவில்லை. "பெரிய மனுஷி ஆகிவிட்டாள்" என்று ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். சொன்ன மறுநாளே அவள் உலகத்தைச் சிறிதாக்கி, பள்ளிக்கூடத்தை நிறுத்தி, மூலையில் உட்கார வைப்பார்கள். பெரியவளானதற்குக் கிடைத்த பரிசு சிறிய அறை! பணக்காரர் ஒருவர் இரண்டாவதாக ஒருத்தியை வைத்துக்கொண்டால், "சின்ன வீடு" என்று அவளுக்குப் பெயர். தவறு செய்தவர் பெரிய மனிதராகவே இருக்கிறார். சிறுமை முழுவதும் அவள் வாசலில் போய் இறங்குகிறது.

"சொல்தானே, சொல்லில் என்ன இருக்கிறது? வயிற்றுப் பிரச்சினையைப் பேசுங்கள்" என்று நண்பர் சிலர் கூறக்கூடும். வயிற்றுக்கே வருகிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் "ஆடவல்லான்" என்னும் மரக்காலைக் குறிப்பிடுகின்றன. கோயிலுக்குரிய நெல்லை அளக்க அதற்கென்று பெயரிட்ட அளவு. இராசகேசரி என்னும் அளவுக்கு ஒப்பானது என்றும் பொறித்து வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இறைவனுக்கு அளக்கும் மரக்கால் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும் என்று கல்லில் வெட்டியவர்கள் நம் முன்னோர். நல்லது. அந்த நெல்லை விளைவித்தவனுக்குக் கூலி அளந்த மரக்காலுக்கு என்ன பெயர்? எந்தக் கல்லில் வெட்டினார்கள்?

வெட்டவில்லை. மரக்கால் என்பது மிராசுதாரர் வீட்டு மரக்கால். வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது ஒன்று என்ற குற்றச்சாட்டு படுகை முழுவதும் இருந்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு ஒப்பிக்கலாம். மரக்காலே சுருங்கிப்போனால் வாய்பாடு என்ன செய்யும்? "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று பழமொழி சொன்ன நாட்டில், ஆற்றுக்கு அளந்தவர்கள் ஆளுக்கு அளக்கவில்லை. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்றார்கள். அதை விதி என்று நம்ப வைத்தார்கள். உழக்கு மிஞ்சாததற்குக் காரணம் விதியன்று, மரக்காலின் வயிறு!

அதனால்தான் 1940-களில் இதே மன்னார்குடி வட்டாரத்தில், தென்பரையிலும் களப்பாளிலும் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ்ச் சங்கம் கண்டபோது, சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்ற கோரிக்கைகளோடு சேர்த்து, முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதையும் கேட்டார்கள். 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட அந்த மக்கள், எந்தப் பேரகராதியும் கற்பிக்காத ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். பெரிது சிறிது என்பதைப் பற்றி வாதாடிப் பயனில்லை. அளக்கும் கருவி யார் கையில் என்பதே கேள்வி என்று கண்டார்கள். கூலியை மட்டுமா கேட்டார்கள்? அளவுகோலையே கேட்டார்கள்! அந்தக் கொடி நம் கொடியன்று என்பதற்காக இந்தப் பெருமையை நாம் சுருக்கிச் சொன்னால், நாமும் சின்ன மரக்கால் வைத்திருப்பவர்களாவோம்.

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-இல் எடைகளுக்கும் அளவுகளுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே தரம் வகுத்த சட்டம் வந்தது. நெல்லின் அளவு முத்திரை பெற்றது. மனிதனின் அளவு?

1968 திசம்பர் 25. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகை மாவட்டத்தில் உள்ள கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட கிளர்ச்சியின் உச்சத்தில், குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, எரித்துக் கொல்லப்பட்டனர். அரைப்படி! அளவைச் சொற்களில் எவ்வளவு சிறியது! விசாரணை நீதிமன்றம் 1970-இல் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுவித்ததற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று உலகமறிந்தது: இவர்கள் செல்வர்கள், நிறைந்த நிலமுடையோர், ஒருவர் கார் வைத்திருப்பவர், இத்தகையோர் தாமே நடந்து சென்று தீவைத்திருப்பர் என்று நம்புவது கடினம் என்பது.

இதனை ஒரு திறனாய்வாளன் கண்ணோடு படியுங்கள். "பெரிய மனிதர் இப்படிச் செய்வாரா?" என்று திண்ணையில் வழங்கும் வழக்குச் சொல்தானே சட்டத்தின் நடையில் எழுந்து நிற்கிறது! சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பருக்கு இதுவே விடை. பொய்முடியின் பெருமையைக் கண்டு நகைத்து ஆங்கிலப் பொதுமக்கள் ஒரு சொல்லைப் படைத்தார்கள். நாமோ, நிலத்தின் பெருமையை மனிதனின் நற்சான்றாகவே எடுத்துக்கொண்டோம். 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படியின் எடை என்ன என்பதை ஆட்சி உணர 44 உயிர் தேவைப்பட்டது. அந்நாளில் ஆட்சியில் இருந்தது நம் இயக்கம் வளர்த்த கட்சி என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். அறைக்குள் யானை என்று பிறரைச் சொல்லிவிட்டு நம் அறையைப் பூட்டிக்கொள்ளலாகாது.

பூட்டாமல் இன்னும் சற்றே உள்ளே பார்ப்போம். கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற புறநானூற்றுப் பாடலின் முதலடியை முழங்காத மேடை நம்மிடம் உண்டா? அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் பெரியோரைப் பற்றியும் சிறியோரைப் பற்றியும் அவர் சொன்னதை எத்தனை பேர் சொல்கிறோம்? முதலடிக்குக் கைதட்டல் வருகிறது, முடிவடிக்கு வராது. ஏனெனில் அது வருகிறவருக்கு மாலை போடுகிற நம் கையைத் தட்டிவிடுகிறது. வள்ளுவரும் மனிதரின் உயர்வையும் தாழ்வையும் அவர் செய்த வினையில் உரைத்துப் பார்க்கச் சொன்னாரே அன்றி, பிறப்பிலோ பட்டாவிலோ பார்க்கச் சொல்லவில்லை. நாம் பார்ப்பது எதில்? தட்டியின் உயரத்தில், வளைவின் அகலத்தில், பின்தொடரும் வண்டிகளின் எண்ணிக்கையில்! மதிலைக் கண்டு மலைத்தவனைப் பகுத்தறிவு இல்லாதவன் என்று நகைத்தோம். அதே மலைப்பை மரச்சட்டமும் சீலையும் கொண்டு நாமும் எழுப்பினால், மதிலுக்கும் தட்டிக்கும் வேறுபாடு செலவில் மட்டுந்தானே?

"பெரியார்" என்ற சொல் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நினைவு கூர்வோம். 1938 நவம்பர் 13-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, இராமசாமியை இனிப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நிலக்கிழார் சூட்டவில்லை, நீதிபதி சூட்டவில்லை, மடாதிபதி சூட்டவில்லை. ஊர் எவரைச் சிறியவர் என்று ஒதுக்கியதோ, அந்தப் பெண்கள் கூடி, தங்களுக்காக உழைத்தவரின் உழைப்பை அளந்து, பெரிது என்று முத்திரையிட்டார்கள். அளவுகோல் கை மாறிய நாள் அது! பெரிது என்ற சொல்லே தீயது என்று நாம் கூறவில்லை என்பதற்கு இதுவே சான்று. யார் அளந்தார், எதை அளந்தார், எதனால் அளந்தார் என்ற மூன்று கேள்விக்கும் நேரிய விடை இருந்தால், அந்தச் சொல் மணியாக ஒலிக்கும்.

ஆகவே, மரபுத்தொடர் நூல்கள் எழுதுவோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. பழமொழிகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. பாட்டன் சொன்னது என்பதற்காகப் போற்றவும் சொல்லவில்லை. இரண்டு பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி சேருங்கள். யார், யாரைப் பார்த்து, எப்போது சொல்வது என்று அதில் எழுதுங்கள். குடை பிடித்தவன் பழமொழிக்கு நேரே, "முன்னமே குடை வைத்திருந்தவன், புதிதாகக் குடை வாங்கியவனைப் பார்த்துச் சொல்வது" என்று எழுதுங்கள். விரலுக்கேற்ற வீக்கத்துக்கு நேரே, "பிறர் விரலை அளப்பவன் சொல்வது" என்று எழுதுங்கள். பேனும் பெருமாளும் வருமிடத்தில், "எளியவர், ஏமாற்றுவோரைப் பார்த்துச் சொல்வது" என்று எழுதுங்கள். அதைப் படிக்கும் மாணவன் ஆங்கிலத்தையும் கற்பான், தமிழையும் கற்பான், தன் தெருவையும் கற்பான்.

அந்த நூல் வரும்வரை இளைஞர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மன்றத்தின் கரும்பலகையில் வாரம் ஒரு தொடரை எழுதுங்கள். மூன்றாவது பத்தியை நீங்களே நிரப்புங்கள். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். வயலில் கதிர் அறுத்த காலத்தில் எந்தச் சொல் தன் மீது எறியப்பட்டது என்பதை அவர் சொல்வார். முதியவரான தொழிலாளியைப் "பெரியவரே" என்று அழையுங்கள். அச்சொல்லுக்கு அவரே உரியவர். "எறும்பூரக் கல்லும் தேயும்" என்ற பழமொழியை மட்டும் ஐயமின்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிறியது எவருடைய பல்லையும் குத்தப் போகவில்லை. தன் வழியே நடந்து கல்லைத் தேய்க்கிறது.

கோயில் பாதி, குளம் பாதி என்று இனி எவரேனும் சொன்னால், சினவேண்டாம். கோயிலும் பெரிது, குளமும் பெரிது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட பின் ஒன்றே ஒன்று கேளுங்கள்:

"ஐயா, எந்த மரக்காலால் அளந்தீர்? அதில் முத்திரை இருக்கிறதா?"